‘அது அப்படித்தான்’ என்ற சொல்லை வீட்டை விட்டு விரட்டு!

மீதமுள்ள நேரம் 10 மணி 36 நிமிடம் என்று திரை காட்டியபோது சுவர்க் கடிகாரத்தில் இரவு எட்டரை. விடிகாலை ஐந்தரைக்குச் சிங்கப்பூர்ப் பங்காளி மதுரை விமான நிலையத்துக்குக் கார் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டியது 420 ஜி.பி. ஐயாவின் கல்யாணப் படங்கள், அப்பச்சியின் மணிவிழா வீடியோக்கள், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள், மூன்று தலைமுறைப் பேரேடுகள். இரண்டு வருடம் உட்கார்ந்து ஸ்கேன் செய்தவை. வீட்டுக்கு ஒரு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி வாங்கி, இரண்டாம் கட்டு அறையில் வைத்து, அதில் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். நான் முகப்பில், ரவுட்டருக்குப் பக்கத்தில், மடிக்கணினியோடு உட்கார்ந்து, பெட்டியில் இருந்ததை ஒரு வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.

நொடிக்கு 11 எம்.பி. நாலு மாதமாக இதே வேகம்தான்.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில். “பழைய வீடுண்ணே, சுவர் தடிமன், அது அப்படித்தான்” என்றார் பெட்டியைப் பொருத்தித் தந்தவர். “புதுசா ஒண்ணு வாங்கிப்புடு” என்றார் பங்காளி. “நமக்கு எதுக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம்” என்றார்கள் வீட்டில். நானும் தலையாட்டிவிட்டேன். நாலு மாதம் தலையாட்டினேன்.

அன்று வீட்டில் இருந்தாள் என் தங்கை மகள். காரைக்குடியில் பி.காம். முதலாண்டு. கணினி படிப்பவள் அல்ல. பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: “அம்மான், சுவர் தடுத்தா எண்ணு ஏறி ஏறி இறங்கும். இது பதினொண்ணுலயே நிக்குது. பதினொண்ணுக்கு மேல விடாதேன்னு யாரோ வாசல்ல ஆள் நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு.”

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில். அந்தப் பெண்ணிடம் இருந்து, நாலு மாதம் என்னிடம் இல்லாமல் போனது என்ன? பட்டமா? அனுபவமா? இரண்டிலும் அவளைவிட எனக்குத்தான் அதிகம். அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். நான் அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்!

‘அது அப்படித்தான்’ என்பது பதில் இல்லை. அது சரணாகதி. காரணம் தெரியாதவன் காரணம் தெரிந்தவன் போலப் பேசுவதற்குக் கண்டுபிடித்த சொல். அதைக் கேட்டுத் தலையாட்டும் ஒவ்வொரு முறையும் உன் அறிவின் மீது நீயே ஒரு பிடி மண்ணைப் போடுகிறாய். போடாதே! எந்தத் தாமதத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் ஓர் இடத்தில் இருக்கிறது. இடம் இருந்தால் அங்கே போய்விடலாம். இதை நம்புவதற்கு நீ பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

இந்தக் காரைக்குடிச் சீமை எப்படிப்பட்ட சீமை என்பதை முதலில் நினைத்துப் பார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களைக் கப்பலேற்றி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் அனுப்பிய சீமை. போனவன் பெட்டியடிப் பையனாக உட்காருவான். பிறகு அடுத்தாள் ஆவான். பிறகு மேலாள் ஆவான். 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பின்னக் கணக்கை வாயால் சொல்லிப் பழகியவர்கள். கணக்கின் முடிவில் ஐந்தொகை எடுத்தாக வேண்டும். வரவும் பற்றும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். என் ஐயா சொல்லுவார்: “தொகை இடிச்சா, கடையைக் குத்தஞ் சொல்லாதே, ஊரைக் குத்தஞ் சொல்லாதே. ஏட்டைப் பாதியாப் பிரி. முதல் பாதி சரியா இருந்தா, தப்பு மறுபாதியில இருக்கு. அதையும் பாதியாப் பிரி.” 

பாதியாகப் பிரி! இன்று உலகமெங்கும் நெட்வொர்க் கோளாறு தேடுகிறவர்கள் செய்வது இதைத்தான், வேறொன்றும் இல்லை. ரங்கூன் கிட்டங்கியில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் காலத்துப் பையன் செய்த வேலையை நீ மின்விளக்கின் கீழே செய்ய மாட்டாயா?

முதலில் அளவையைப் புரிந்துகொள். இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். கடைக்காரர் ‘ஆயிரம்’ என்று சொல்லி விற்ற ரவுட்டரில் 11 வருகிறதே, ஏமாற்றிவிட்டாரே என்று கொதிக்கிறார்கள். அவர் சொன்னது பிட் கணக்கு. உன் திரை காட்டுவது பைட் கணக்கு. எட்டு படி ஒரு மரக்கால் என்று நம் ஊர் நெல் அளந்தது அல்லவா? அதே போல எட்டு பிட் ஒரு பைட். விற்றவர் படியில் சொல்கிறார், நீ மரக்காலில் அளக்கிறாய். நொடிக்கு 1000 மெகாபிட் போகும் பாதையை எட்டால் வகுத்தால் 125 எம்.பி. வழிச் செலவு போக நிஜத்தில் கைக்குக் கிடைப்பது 110-லிருந்து 118 வரை. 100 மெகாபிட் பாதையை எட்டால் வகுத்தால் 12.5. வழிச் செலவு போக 11-ஐ ஒட்டி நிற்கும்.

11!

அந்தப் பெண் சொன்ன ‘வாசலில் நிறுத்திய ஆள்’ யார் என்று இப்போது தெரிகிறதா? ஆயிரமாக ஓட வேண்டிய பாதை எங்கோ ஓரிடத்தில் நூறாகச் சுருங்கியிருக்கிறது. பெட்டி மெதுவானதல்ல. சுவர் குற்றவாளி அல்ல, ஏனென்றால் நான் வைஃபையில் இல்லை, கேபிளில் இருந்தேன். ஓர் எண்ணை எட்டால் வகுக்கத் தெரிந்தவுடன் நாலு மாதப் புகார்கள் அத்தனையும் பொடிப்பொடியாயின.

பிறகு பிரித்தோம். மடிக்கணினியில் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து இணைப்பு வேகம் பார்த்தோம். ரவுட்டர் வரைக்கும் 1000. அந்தப் பாதி சரி. பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தோம். அதன் பக்கம் 100. தப்பு மறுபாதியில் இருக்கிறது. ரவுட்டரில் செருகுவாயை மாற்றினோம். 100 மாறவில்லை. எட்டு நிமிடத்தில் குற்றவாளி ஒருவன்தான் மிச்சம்: முகப்பிலிருந்து பட்டாலை தாண்டி, வளவின் தாழ்வாரத்தை ஒட்டி, இரண்டாம் கட்டுக்குள் போகும் கேபிள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்பியோடு நடந்தோம். இதை நீயும் ஒரு நாள் உன் வீட்டில் செய். வளவைச் சுற்றி இழுத்த இடத்தில், திறந்த முற்றத்தின் ஓரம், மழைச் சாரல் அடிக்கும் தூணுக்குப் பக்கத்தில் கேபிளை ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு செருகி, ஓர் இணைப்பான். கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பழுப்பு நிறக் கம்பி தொட்டவுடன் முறிந்து கையோடு வந்தது.

எட்டுக் கம்பிகள், நாலு இணைகள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. நூறு மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஆயிரத்துக்கு நாலு இணைகளும் வேண்டும். 1999-ல் இந்த ஆயிர மெகாபிட் முறையை வகுத்தவர்கள் அப்படித்தான் வகுத்தார்கள். நாலில் ஒன்று போனால் பல கருவிகள் முறையிடாமல், எச்சரிக்கை விளக்கு எரியாமல், தாமாகவே நூறுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். வேலை நடக்கிறது, ஆனால் பத்தில் ஒரு பங்கு நடக்கிறது. முற்றிலும் நின்றிருந்தால் முதல் நாளே சரி செய்திருப்போம். நொண்டியபடி ஓடியதால்தான் நாலு மாதம் விட்டுவைத்தோம்.

உன் வாழ்க்கையிலும் இப்படிப் பத்தில் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று இருக்கும். அதை நீயே யோசித்துக்கொள். நான் கேபிளுக்குத் திரும்புகிறேன்.

முறிந்த கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தோம். செம்புத் தோல், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. விலை குறைவு என்பதற்காகச் சந்தையில் நிறைய ஓடுகிறது. நெட்வொர்க் கேபிளுக்கான தர விதிகள் இதை ஏற்பதில்லை. முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியம் வளைத்தால் முறியும், காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படியும், இரண்டு உலோகமும் ஈரமும் சேருகிற இடத்தில் அரிப்பு பிடிக்கும். கேபிள் வாங்கும்போது ஒரு சாண் நீளம் கேட்டு வாங்கிச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடு. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. பவுனை உரைத்துப் பார்க்காமல் நம் ஆச்சிகள் வாங்குவார்களா?

அரிப்பு என்றவுடன் எனக்கு ரோமம் சிலிர்த்தது. எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் இதை ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவைத்தேன்? உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்று ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் நிற்கிற ஊர் இது! ஊரார் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத்தை வைத்து அரிப்பைச் சோதிக்கும் நிலையமும் அவர்களுடையது. அந்த நிறுவனம் தானாக இங்கே வந்து இறங்கவில்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கல் நாளில், திறந்தார்கள். ‘வறண்ட பூமி, இங்கே எதற்கு ஆராய்ச்சி, அது அப்படித்தான்’ என்று அந்த மனிதர் நினைத்திருந்தால் இன்று கல்லூரிச் சாலை வெறும் பொட்டல்தான். 1909 ஏப்ரல் 6-ல் பிறந்து 1957 ஏப்ரல் 5-ல் மறைந்தவர். 48 வயது நிரம்ப ஒரு நாள் பாக்கி. அந்தக் குறுகிய ஆயுளுக்குள் ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றி எழுதினார். உன்னால் ஒரு கேபிளின் தலைப்பை மாற்ற முடியாதா?

மாற்றினோம். வீட்டில் இருந்த நல்ல கேபிள் ஒன்றை ஒட்டுப் போடாமல் நேராக இழுத்து, இரு முனையிலும் செருகினோம். ஒன்பதே கால் மணி. திரையைப் பார்த்தேன். 112. அந்தப் பிள்ளை கைதட்டவில்லை, “ம், இப்ப சரி” என்றாள், ஐந்தொகை நேரானதும் பேரேட்டை மூடுகிற மேலாள் மாதிரி.

ஒன்று சொல்கிறேன், கவனி. ஒரு முறை ஜெயித்தவுடன் உட்கார்ந்துவிடாதே. வீடியோக்கள் பாய்ந்து போயின. கடிதங்களின் ஸ்கேன் அடங்கிய கோப்புறைக்கு வந்ததும் வேகம் மறுபடி தரைதட்டியது. ஏழு, மூன்று, ஒன்பது, நாலு என்று தள்ளாடியது. பழைய நானாக இருந்தால் ‘பார், கேபிள் மாத்தியும் அதே கதை’ என்று சொல்லி எழுந்திருப்பேன். ஆனால் இது அதே கதை இல்லை. முன்பு எண் அசையாமல் நின்றது. இப்போது குதிக்கிறது. முகம் வேறு, நோய் வேறு.

அந்தக் கோப்புறையில் இருந்தவை 38,000 சின்னக் கோப்புகள். ஒவ்வொரு கோப்புக்கும் கதவு தட்ட வேண்டும், பெயர் எழுத வேண்டும், அனுமதி கேட்க வேண்டும், வைக்க வேண்டும், கதவு சாத்த வேண்டும். ஒரு மூட்டை அரிசியை ஒரே தூக்காகத் தூக்கிப் போவதற்கும் ஒவ்வொரு மணியாக எடுத்துப் போவதற்கும் உள்ள வேறுபாடு. வண்டியில் குறை இல்லை, ஏற்றுகிற முறையில்தான் குறை. பெட்டிக்குள்ளேயே அந்த 38,000 கோப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டச் சொன்னோம். கட்டி முடித்து அந்த ஒற்றைக் கோப்பை இழுத்தால் மறுபடி நூற்றுப் பத்து. விண்டோஸில் கூடவே வருகிற ரோபோகாப்பி என்ற கருவி பல கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பும். அதையும் பழகிக்கொள். காசு இல்லை.

வேகக் குறைவுக்கு முகம் உண்டு என்று சொன்னேன் அல்லவா? சில முகங்களைக் காட்டிவிடுகிறேன். 11-ல் அசையாமல் நின்றால் கேபிளையோ பழைய ஸ்விட்சையோ பிடி. 35, 40-ஐ ஒட்டி நின்றால், கையில் உள்ள வட்டைப் பழைய யூ.எஸ்.பி. 2 வாயில் செருகியிருக்கிறாய். நீல நிற வாய்க்கு மாற்றிப் பார். பெட்டிக்கு அருகே போகப் போக எண் ஏறினால் அது வைஃபை. பெட்டி வாங்கிப் பல வருடமாகி, விண்டோஸைப் புதுப்பித்தவுடன் வேகம் சரிந்தால், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையொப்பம் கேட்கும் புதிய பாதுகாப்பு முறையால் பெட்டியின் சின்ன மூளை திணறுகிறதா என்று பார். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு அதைக் கட்டாயமாக்கியது. இந்தத் திணறலுக்கு மருந்தாக எஸ்.எம்.பி. 1 என்ற பழைய முறையைத் திறந்துவிடச் சொல்வோர் உண்டு. திறக்காதே! 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் உலகமெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கியது அந்த ஓட்டை வழியாகத்தான். வேகத்துக்காகப் பூட்டை உடைக்கிறவன் வீட்டைத் திருடனுக்குத் திறந்து கொடுக்கிறான்.

வட்டு ‘டிக் டிக்’ என்று சத்தமிட்டாலோ, அதன் உடல்நிலை அறிக்கையில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினாலோ, வேகத்தை மறந்துவிடு. அந்த நிமிடமே வேறொரு வட்டுக்கு நகல் எடு. மற்றதெல்லாம் பிறகு.

வைஃபையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகள் அப்படி. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள். இரும்புக் கிராதிகள். பெல்ஜியம் கண்ணாடிகள், அவற்றின் முதுகில் பூசிய உலோகம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவருக்குச் சுவர் தளர்ந்துபோகும். 2.4 தூரம் போகும், மெதுவாகப் போகும். இங்கே ‘பழைய வீடு’ என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் உண்மை தெரிந்தால் வழியும் தெரிய வேண்டும். கட்டுக்கு ஒரு வைஃபைப் புள்ளி வை, அவற்றைக் கேபிளால் இணை. வளவின் முற்றம் வானம் பார்க்கத் திறந்து கிடக்கிறது, அங்கே அலையைத் தடுக்கச் சுவர் இல்லை. தாழ்வாரத்துத் தூணில், சாரல் படாத உள்பக்கத்தில் ஒரு புள்ளியைப் பொருத்தினால் சுற்றியுள்ள அறைகளின் வாசல்கள் அத்தனையும் அதைப் பார்த்தபடி இருக்கும். காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று நம் முன்னோர் விட்டுவைத்த திறப்பு இன்று அலைக்கும் வழிவிடுகிறது.

கேபிளா வட்டா என்று குழப்பம் தீராதபோது ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை ஓட விடு. வட்டைத் தொடாமல் பாதையை மட்டும் அளக்கும். 940-ஐ ஒட்டி வந்தால் பாதை சுத்தம், வட்டைப் பார். 94 வந்தால் பாதையைப் பார். ஐயா சொன்ன பாதியாகப் பிரிக்கும் வித்தை இதுவேதான்.

இனி ஒரு பெரிய கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன் என்றாலும் தகும். இத்தகைய பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வட்டுகள் சில, ஆரம்பத்தில் வேகமாக எழுதும், கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். பழுதான வட்டுக்குப் பதில் புதியதைப் பொருத்தினால் பெட்டி அதை ஏற்க மறுத்து வெளியே தள்ளும். உலகெங்கும் வீட்டில் பெட்டி வைத்திருந்த சாதாரண மனிதர்கள் இதைக் கண்டார்கள். ‘அது அப்படித்தான்’ என்று அவர்கள் விட்டிருந்தால்? விடவில்லை. அளந்தார்கள். எழுதி வைத்தார்கள். ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிட்டார்கள். 2020 ஏப்ரலில் உண்மை வெளியே வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ‘ரெட்’ வரிசை வட்டுகள் சிலவற்றில், வாங்குவோருக்குச் சொல்லாமல், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறையைப் பயன்படுத்தியிருந்தது. நம் ஊர் நாட்டு ஓட்டுக் கூரையை நினைத்துக்கொள். ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி நிற்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ளவற்றையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். அந்த வட்டுகளில் பழைய இடத்தில் புதிதாக எழுதும்போது நடப்பது அதுவே. அதனால்தான் படுத்தது. நிறுவனம் ஒப்புக்கொண்டது. எந்த மாதிரி எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டது. ஓடடுக்கு இல்லாத வட்டுகளை ‘ரெட் பிளஸ்’ என்று தனிப் பெயரில் பிரித்தது. இன்று நீ கடையில் பெயரைப் பார்த்துப் பிரித்து வாங்க முடிகிறதென்றால், முகம் தெரியாத எத்தனையோ பேர் தங்கள் வீட்டில் ஓர் எண்ணைக் குறித்து வைத்ததுதான் காரணம்.

கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா, தளராத மனம். கோடிகளில் புரளும் நிறுவனத்தைப் பதில் சொல்ல வைத்த ஆயுதங்கள் இவையே! உன்னிடம் இவற்றில் எது இல்லை?

‘வேகம் குறைந்தால் என்ன, இரவெல்லாம் ஓடட்டுமே’ என்று கேட்பாய். கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நடப்பது என்ன? இரவு ஓட விடுகிறாய். இரண்டு மணிக்கு மின்சாரம் போகிறது. காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கிறது. எது போனது, எது போகவில்லை என்று தெரியாது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மூடி வைக்கிறாய். அந்த அடுத்த வாரம் வருவதில்லை. மெதுவான பெட்டியில் யாரும் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஸ்கேன் செய்யும் ஆர்வமே செத்துப்போகிறது. கடைசியில் இரண்டாம் கட்டு மர பீரோவில் கடிதங்கள் கடிதங்களாகவே கிடக்கின்றன. கரையான் தன் வேலையைப் பார்க்கிறது.

அதே கோட்டையூரில் இன்னொரு மனிதர் இருந்தார். ரோஜா முத்தையா செட்டியார். ஊரெல்லாம் பழைய தாள் என்று எடைக்குப் போட்டதை அவர் சேர்த்தார். புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், எதையும் விடவில்லை. ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள், ஒரு தனி மனிதரின் வீட்டில்! பூச்சிக்கும் ஈரத்துக்கும் எதிராக ஆயுள் முழுக்கத் தனியாகப் போராடினார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அந்தச் சேகரிப்பைக் காத்தது. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது எழுந்தது. நுண்படமாக, பிறகு எண்ம வடிவமாக அந்தத் தாள்கள் மறுபிறவி எடுத்தன. இன்று தமிழின் அச்சு வரலாற்றை எழுத உட்காரும் எவரும் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது.

அவருக்கு ஸ்கேனர் இல்லை. உனக்குக் கைபேசியிலேயே இருக்கிறது. அவருக்கு வட்டு இல்லை. உனக்கு உள்ளங்கை அகலப் பெட்டியில் ஒரு நூலகம் அடங்கும். அவர் செய்ததில் நூறில் ஒரு பங்கை நீ செய்தால் உன் குடும்பத்தின் நூறு வருடம் பிழைக்கும். அதற்குக் குறுக்கே நிற்பது என்ன? டீக்காசு பெறாத ஒரு செருகியும், ‘எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்ற மூன்று சொல்லும். செருகியைக் கடையில் வாங்கலாம். அந்த மூன்று சொல்லை நீதான் கழற்றி எறிய வேண்டும்.

தெரியாது என்று சொல்வதில் அவமானம் இல்லை. ‘தெரியாது’ என்பதோடு வாக்கியத்தை முடித்துவிடுவதுதான் அவமானம். ‘தெரியாது, பார்க்கிறேன்’ என்று சொல்! அந்த பி.காம். பிள்ளைக்குக் கம்பியின் நிறம் தெரியாது, இணையும் தெரியாது. எண்ணை எட்டால் பெருக்கி, நூறை ஒட்டி வருகிறதே என்று கண்டாள். நூறுக்கும் ஆயிரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கைபேசியில் தேடினாள். படித்தாள். டார்ச்சை எடுத்தாள். முக்கால் மணி நேரத்தில் ஒரு வீடு நாலு மாதமாகச் சுமந்த மூடநம்பிக்கையை முறித்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினாள், அதையும் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் கேபிள், ரவுட்டர், அமைப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றி, எது சரியானது என்றே தெரியாமல் நின்றிருப்பேன். ஒன்றை மாற்று, அளந்து பார், எழுது. பிறகு அடுத்தது.

பதினொன்றுக்கு முன்பே எல்லாம் முடிந்தது. ஐந்தரைக்குப் பங்காளி கிளம்பும்போது அவர் கைப்பையில் 420 ஜி.பி. இருந்தது. சிங்கப்பூரில் இறங்கிய அன்றே அவர் மகன் ஐயாவின் ரங்கூன் கடிதம் ஒன்றைத் திறந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினான். அந்தப் பையன் அதுவரை ஐயாவின் கையெழுத்தைப் பார்த்ததில்லை.

தம்பி, தங்கச்சி! இன்று இரவு உன் வீட்டுப் பெட்டிக்கு ஒரே ஒரு பெரிய கோப்பை அனுப்பு. ஓடும் எண்ணை எட்டால் பெருக்கு. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. நாளைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்பியோடு நட.